வெள்ளிக்கிழமை வாங்கிய மீன்கத்தி

நல்ல இரும்பை நகத்தால் சுண்டினால் அது உடனே வாயை மூடிக்கொள்ளாது; "கிண்" என்று தொடங்கி, மெல்ல இழுபட்டுப் போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும், கூடாத இரும்போ "டொக்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அத்தோடு நின்றுவிடும். என் அம்மா கடையில் கத்தியைக் காதோடு அணைத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, சுண்டிச் சுண்டிக் கேட்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குக் கால் கூசும். கத்தி வாங்க வந்த மனுசி கத்தியோடு இரகசியம் பேசிக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெட்கம் அதிகம். இதைப் பணிவு, அடக்கம் என்றெல்லாம் நல்ல பெயர் சொல்லி வகுப்பில் மெச்சியிருக்கிறார்கள். அது பொய், அது சுத்தமான வெட்கம். எங்கள் வீட்டின் மணத்துக்கு வெட்கம், அம்மாவின் உரத்த குரலுக்கு வெட்கம், பட்டினத்துக்குப் போகிற பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல எழும்பிப் போய் நின்றுகொள்வதைப் பார்த்து வெட்கம். அம்மாவுக்கோ அந்தச் சாமானைக் கடவுள் கொடுக்க மறந்துவிட்டார். "மற்ற ஆக்கள் எழும்பினா உனக்கென்ன, காலை நீட்டிக்கொண்டு இரு பிள்ளை" என்பார்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் கரையில் இருந்தது. அந்த வருடம் கரைவலை இழுக்கும்போது அப்பாவுக்கு முதுகு பிடித்து, அவர் பாயோடு பாயாகக் கிடந்தார். அம்மா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். கடற்கரையில் கிடுகால் மேய்ந்த நீளமான கொட்டில்தான் வாடி. மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்புத் தொட்டியில் போட்டு, பிறகு மணலில் பாய் விரித்துக் காயவைப்பார்கள். வாடியை நடத்திய "சம்மாட்டி" எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கத்தி கொண்டு வருகிறவள் நிழலில் குந்தியிருந்து மீன் கீறுவாள். கத்தி இல்லாதவள் வெயிலில் உப்புச் சுமப்பாள்.

அம்மாவிடம் கத்தி இருந்தது. அதற்கு முந்தின திருவிழாவில், எங்கள் மாதா கோயில் வாசலில் சாக்கு விரித்துக் கடை போட்டிருந்த ஒருவனிடம் வாங்கியது. பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. வாடிக்குப் போன இரண்டாம் கிழமையே ஒரு பெரிய கட்டாப்பாரையின் தலையில் வைத்து அமத்தும்போது அது பிடியோடு முறிந்துபோயிற்று. பிடியை உடைத்துப் பார்த்தால், உள்ளே இரும்பு ஒரு விரல்நகத்தளவு தூரம்தான் போயிருந்தது, மிச்சமெல்லாம் அரக்கு. "பாத்தியே, பல்லுக் காட்டுறவனை நம்பினன்" என்று அம்மா சிரித்தார். அடுத்த நாளிலிருந்து உப்புச் சுமந்தார்.

உப்புச் சுமப்பதென்றால் வெறும் பாரம் சுமப்பதல்ல. கடகத்திலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் முதுகால் ஓடிக் காலுக்கு இறங்கும். கால்விரல் இடுக்குகள் வெடிக்கும், வெடித்த இடத்தில் மறுபடியும் உப்பு. இரவில் அம்மா தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு காலை மேலே தூக்கி வைத்திருப்பார். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அம்மா கோயிலில் முழந்தாளிட்டவர் எழும்ப முடியாமல் என் தோளைப் பிடித்தார், பாதம் பதிந்த இடத்தில் சீமெந்தில் ஈரமாக ஒரு சிவப்பு இருந்தது. கத்தி ஒன்று வேண்டும், அதுவும் முறியாத கத்தி வேண்டும் என்பது அன்றைக்கே எனக்கும் விளங்கிவிட்டது. நான் என் வெட்கத்தை எல்லாம் மடித்து வைத்துவிட்டு, "நானும் வாறனம்மா" என்று சொன்னது அதனால்தான்.

சம்மாட்டி வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவதால் வாடியில் அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு வேலை இல்லை. ஞாயிறு எங்களுக்குப் பூசை, பட்டினத்துக் கடைகளும் பூட்டு. ஆகவே கத்தி வாங்க எங்களுக்கு வாய்த்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை, அம்மா கையில் கொண்டுபோன பனையோலை உமலுக்குள் இருந்தது.

பட்டினத்தில் நல்ல கத்தி விற்கிற கடை என்றால் குருநாதர் கடைதான். பெருநிலத்து ஆட்கள் மண்வெட்டி, கோடாலி, அரிவாள் வாங்க அங்கேதான் வருவார்கள். முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. உள்ளே காலை வைத்ததும் சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. மேசைக்கு மேலே சாமிப்படங்களுக்குப் புதுப் பூமாலை போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். மேசையின் ஒரு ஓரத்தில் ஏதோ கோயில் திருப்பணிக்கென்று ஒரு தகர உண்டியல். குருநாதர் நெற்றி நிறைய வீபூதியோடு இருந்தார். நானாட்டான் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரர் சிலர் மண்வெட்டி பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் சுத்தமாக, வெள்ளையாக இருந்ததாகவே எனக்கு இன்றைக்கும் ஞாபகம், உண்மையில் அவர்களும் சேற்றுக்காலோடுதான் வந்திருப்பார்கள்.

அம்மா தொடங்கினார். ஒவ்வொரு கத்தியாக வாங்கி முதலில் பிடியின் பின்பக்கத்தைப் பார்த்தார். இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி வந்து வெளியே தலைகாட்ட வேண்டும், ஆணி மூன்றாவது இருக்க வேண்டும். திருவிழாக் கத்தி படிப்பித்த பாடம் அது. பிறகு கழுத்தை ஒரு விரலில் வைத்து நிறுத்திப் பார்த்தார்; தலைப்பக்கம் தொங்கினால் நாள் முழுக்கப் பிடிக்கிற மணிக்கட்டு வீங்கிப்போகும். பளபளப்பானவற்றை எல்லாம் கையால் ஒதுக்கினார், அவற்றை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாதாம். கறுத்து, அழுமூஞ்சியாகக் கிடந்தவற்றைத்தான் எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு செய்ததை எழுதவே கை கூசுகிறது. உள்ளங்கையில் துப்பி, அந்த ஈரக்கையால் பிடியை இறுக்கிப் பிடித்து முறுக்கினார். மீன் வழுவழுப்பில் வழுக்காத பிடியா என்று பார்க்கிறாராம். கமக்காரர்கள் மண்வெட்டியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்ன மனுசி, கத்தி வாங்கப் போறியோ, கத்திக்குக் கலியாணம் பேசப் போறியோ?" என்றார் குருநாதர். அவர் கெட்ட மனிதர் அல்ல. பகிடியாகத்தான் சொன்னார்.

"ரெண்டும் ஒண்டுதானே ஐயா, முறிஞ்சா என்ர தலையிலதானே" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. அதோடு காசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு கத்திகள் மிச்சமாயின. எது நல்லது என்று அம்மாவுக்குத் தீரவில்லை. உமலின் வாயைத் திறந்து, பழைய பேப்பரில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்தார். எனக்கு மணத்திலேயே விளங்கிவிட்டது. காலையில் வாடியில் கேட்டு வாங்கி வந்த சுறாத்துண்டு. சுறாவின் தோல் அரம் மாதிரி. கூடாத இரும்பு அதில் ஒரு வெட்டுக்கே மழுங்கிப்போகும், நல்ல இரும்பு அசையாது. வாடிப் பெண்கள் எல்லாரும் கத்தியைச் சோதிப்பது அப்படித்தான். ஆனால் அவர்கள் அதை வாடியில் செய்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சைவப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று காதுக்குள் சொன்னேன்.

அம்மாவுக்குக் காதுக்குள் பேசத் தெரியாது. "ஓமடி, வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தானே மீன் கொண்டு வந்தனான். வெள்ளிக்கிழமையில ஆரும் இறைச்சி கொண்டு வருவினமே?" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே, சுறாத்துண்டை அந்த மேசையில், விளக்குக்கு நேரே கீழே வைத்து, இரண்டில் ஒரு கத்தியால் ஒரே இழுவையில் வெட்டினார்.

கத்தோலிக்கருக்கு வெள்ளிக்கிழமை ஒறுத்தல் நாள். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அம்மாவின் உலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு மீனைவிடச் சுத்தமான சாப்பாடு கிடையாது. அவர் அந்தக் கடைக்கு, அந்த நாளுக்கு, மரியாதை செய்ததாகவே நினைத்தார். இதை நான் யாரிடம் போய் விளங்கப்படுத்துவது? சுறாவின் இரத்தத்தண்ணீர் மேசையின் ஓரத்தால் ஓடி, உண்டியலின் அடியில் போய் நின்றது.

"ஐயோ, என்ர சிவனே!" என்று குருநாதர் துள்ளி எழும்பினார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கதவடியிலேயே நின்றுவிட்டார். தலையில் முழுகிய ஈரம் காயாத, மெல்லிய, சிவந்த பெண். அம்மா அப்போதுதான் ஏதோ பிழைத்துப்போயிற்று என்று கண்டுகொண்டு, தன் சேலைத் தலைப்பாலேயே மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. "தொடாத, தொடாத, விடு!" என்று குருநாதர் கத்தினார். கமக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல், "வெள்ளிக்கிழமை எண்டபடியா மீனாம்" என்று மற்றவருக்குச் சொன்னார். பிறகு கடையே சிரித்தது. முந்திச் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. எனக்கு நிலம் பிளந்து நான் உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. காதிரண்டும் கொதித்தன. அம்மாவின் கையிலிருந்த மீனைப் பார்க்க முடியாமல், அம்மாவின் காலைப் பார்த்தேன்; அங்கே விரல்களுக்குள் வெடிப்பு.

"அந்தக் கத்தியை நீயே கொண்டு போ" என்றார் குருநாதர். "இனி அதை நான் ஆருக்கு விக்கிறது? காசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். போ."

அம்மா நகரவில்லை. "கத்தியச் சும்மா வாங்கக் கூடாதய்யா" என்றார், இப்போது குரல் தாழ்ந்திருந்தது. "சும்மா வாங்கின கத்தி உறவை அறுத்துப் போடும்."

"மீன்காரிக்கும் முதலாளிக்கும் என்ன உறவாம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. குருநாதர்கூடச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா மடியிலிருந்த காசுப் பொட்டலத்தை அவிழ்த்து நீட்டினார். அந்தக் கையிலிருந்து அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். அம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு நாணயமாக அந்தத் திருப்பணி உண்டியலுக்குள் போட்டார், தாளை மடித்து மடித்து வாய்க்குள் தள்ளினார். "உங்கட சாமியிட்டக் குடுத்திட்டன். இனி எனக்கும் உங்களுக்கும் கோவமில்லை" என்று சொல்லி, கத்தியையும் மீனையும் உமலில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் காதில் அது நிற்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, குருநாதரின் மனைவி மஞ்சள்தண்ணீர்ச் செம்போடு வந்து மேசையைக் கழுவுவதும், வாசற்படியில் நாங்கள் நின்ற இடத்தில் தெளிப்பதும் நன்றாகத் தெரிந்தது. ஒரு தரம் தெளித்தவர் நிமிர்ந்து எங்களைக் கண்டார். கண்டும் காணாதவர் போல மறுபடி தெளித்தார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்று, "பாவம், முழுகிப்போட்டு நிண்ட பிள்ளைக்கு வீண் வேலை வைச்சிட்டன்" என்றார். அந்த நேரத்தில் அம்மாவைப் பிடித்துக் கடலில் தள்ள வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது.

அம்மாவுக்கு அந்தச் சம்பவத்தில் உறுத்தியது ஒன்றே ஒன்று. வேறு சமயத்து உண்டியலில் காசு போட்டது பாவமோ என்று, அடுத்த நாளே கோயில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். "சாமிக்குச் சிரிப்பு வந்திட்டுது, எண்டாலும் ஒரு செபமாலை சொல்லச் சொன்னவர்" என்று அப்பாவிடம் சொன்னார். திங்கட்கிழமை வாடியில் நிழலுக்குள் போய்க் குந்தினார். கால் ஆறியது. கத்தி, சொல்லக் கூடாது, அருமையான கத்தி. வாடிப் பெண்களுக்கு அம்மா கதையை நடித்தே காட்டினார், குருநாதர் துள்ளியது, நான் சேலையை இழுத்தது எல்லாம். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "வெள்ளிக்கிழமை மீன்" என்று எனக்கே பட்டமும் வைத்தார்கள். கலியாணம் கட்டிய பிறகும்கூட நான் குருநாதர் கடை இருந்த தெருவால் நடக்கவில்லை. அடுத்த தெருவால் சுற்றிப் போனேன்.

தொண்ணூறாம் ஆண்டு வந்தது. சண்டையில் தீவே கலைந்தது. சம்மாட்டியின் ஆட்களான முஸ்லிம்கள் எல்லாரையும் கையில் அகப்பட்டதோடு போகச் சொன்னார்கள் இயக்கத்துக்காரர். எருக்கலம்பிட்டி வெறுமையாயிற்று, வாடி காற்றுக்குச் சரிந்து கிடந்தது. நாங்கள் பெருநிலத்துக் காட்டுக்குள் ஒரு மாதா கோயில் வளவில் கூடாரம் போட்டு இருந்தோம். என் கையில் அப்போது கைக்குழந்தை. அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்த சாமான்கள் ஒரு கடகத்துக்குள் அடங்கும். அதில் அந்தக் கத்தி இருந்தது. தீட்டித் தீட்டிப் பாதியாக மெலிந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான் கத்தி. அங்கே பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்து விறகுச் சுள்ளி வரை அதுவே வெட்டியது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் கையில் பாதிப் பூசணிக்காயோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். தலை நரைத்து, மெலிந்து, கிழிந்த இடத்தை மடித்து மறைத்துச் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் வீபூதி. நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். குருநாதரின் மனைவி. அவரும் எங்களைக் கண்டுகொண்டார்; திரும்பிப் போகக் காலை எடுத்தவர், பிறகு போகாமல் நின்றார். "கத்தி ஒண்டு இருக்காம் எண்டு சொல்லிச்சினம்" என்று பூசணிக்காயைப் பார்த்துச் சொன்னார். "இவருக்குச் சுகமில்லை. ரெண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை."

அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சாம்பலை அள்ளித் தேய்த்தார். கழுவினார். நெருப்பில் காட்டினார். திரும்பவும் சாம்பல். பிடியின் ஆணி இடுக்குகளை ஈர்க்கால் கிண்டினார், கழுவிய தண்ணீரை மணந்து பார்த்தார், மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் வரிசையில் நிற்க வேண்டும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"இவ்வளவும் காணும் அக்கா" என்றார். அம்மாவுக்குக் கேட்கவில்லைப் போல. "காணும் அக்கா, தாங்கோ" என்றார் மறுபடி.

"பொறு பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை அல்லோ" என்றார் அம்மா.

அம்மா குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்ட அம்மாவுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. அந்தப் பெண் அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைப் பூசணிக்காய்க்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார். கையில் கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பதால் அம்மா அதைக் கழுவிய கல்லில் வைத்தார், அவர் எடுத்துக்கொண்டார். பின்னேரம் கத்தி திரும்பி வந்தது, அதோடு ஒரு சிரட்டையில் பூசணிக்காய்க் கறியும் வந்தது. கடையில் நின்றபோது எனக்கு வந்தது சின்னப்பிள்ளை வெட்கம். அன்றைக்கு வந்தது அப்படியல்ல. அது அவருடையதா, என்னுடையதா என்று பிரித்தெடுக்க முடியாமல் இன்றைக்கும் என்னிடம் கிடக்கிறது.

ஊருக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்து, சாணால் அளந்து, அரிவாளும் கோடாலியுமாகக் கிடந்த குவியலில் எறிந்தார்கள். அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு அம்மாவும் போய்விட்டார்.

போன மாதம் பட்டினத்துக்குப் போயிருந்தேன். சந்தையில் நல்ல பால்சுறா கிடைத்தது, உதிர்த்து வறை வறுக்கலாம் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக் கத்தி மழுங்கிவிட்டதால் ஒன்று வாங்கலாம் என்று, குருநாதர் கடை இருந்த இடத்துக்கு, இந்த முறை நேர்த் தெருவாலேயே நடந்தேன். இப்போது அங்கே கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் போட்ட பெரிய கடை. மேசை இல்லை, உண்டியல் இல்லை, அந்த மனிதர்களும் இல்லை. கத்திகள் மட்டையும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பொதிக்குள் வரிசையாகத் தொங்கின. சுண்டிப் பார்க்க முடியாது, விரலில் நிறுத்திப் பார்க்க முடியாது, இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு பொதியை எடுத்துக் காதோடு வைக்கப் போனவள், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினேன்.

கடைப் பெண்பிள்ளை சிரித்த முகத்தோடு வந்தாள். "என்ன வெட்டுறதுக்கு அம்மா?"

பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மரக்கறி" என்றேன். அவள் பச்சைப் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்றை எடுத்துத் தந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை.